போடாமல் விட்ட ஆறாவது ஊசி

எமட்டின் என்ற மருந்தை உங்களில் யாரும் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். நான் செவிலியாக வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் அது எங்கள் வார்டு அலமாரியில் எப்போதும் இருக்கும். சீதபேதிக்கும், அது முற்றிக் கல்லீரலில் சீழ் கட்டினால் அதற்கும் அந்த ஊசிதான். அதைவிட நல்ல மாத்திரை ஒன்று அப்போதே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஸ்டோருக்கு அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

சுண்டுவிரல் நுனி அளவு கண்ணாடிக் குப்பி. தினம் ஒன்று. பத்து நாளுக்கு மேல் போடக் கூடாது. ஒரு தடவை போட்டு முடித்தால் ஒன்றரை மாதமாவது மறுபடி தொடக் கூடாது. ஊசி போடும் நாட்களில் நோயாளி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. ஏன் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாது, சேரச் சேரத் தசையைத் தளரச் செய்யும், இதயமும் தசைதான். பரீட்சையில் இதைப் பத்து வரியில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன். காலரா வார்டில் நின்றிருக்கிறேன். குவாரியில் வெடி தப்பாக வெடித்து வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தப் பயமெல்லாம் அந்தந்த நாளோடு போய்விட்டது. ஒன்று மட்டும் போகவில்லை. புதிதாகச் செவிலி வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் அதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அரியலூரில் வேலை பார்த்த காலம். ஆண்கள் வார்டில் கலியபெருமாள் என்று ஒருவர் சேர்ந்தார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். படுத்தால் பாதம் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூட்டை உராய்ந்து உராய்ந்து இரண்டு தோளும் காய்த்துப் போயிருந்தன. வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர் காய்ச்சல், மூச்சை இழுத்தால் குத்தல். டாக்டர் தொட்டுப் பார்த்து, கல்லீரலில் சீழ் என்று சொல்லி எமட்டின் எழுதினார்.

சேர்க்கும்போது கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி வேற எங்கயாச்சும் காட்டுனீங்களா? ஊசி எதுவும் போட்டாங்களா?"

"இல்லீங்க. நேரா இங்கதான் வரோம்."

மனைவி அஞ்சலை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'முன் சிகிச்சை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் சுத்தமாக இல்லை. சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். காய்ச்சல் விட்ட நோயாளியிடம் நாம் எவ்வளவு நேரம் நிற்போம்? உங்களுக்கும் தெரியும். இருபது கட்டிலுக்கு ஒரு ஆள். காய்ச்சல் இருக்கிறவரிடம்தான் கால் போகும்.

ஐந்தாம் நாள் ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "சிஸ்டர், காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லீங்க. கல்லக் கட்டி வுட்டாப்புல இருக்கு."

"படுத்தே கெடக்குறீங்கள்ல, அப்படித்தான் இருக்கும். வூட்டுக்குப் போய் நாலு நாள் நடந்தா சரியாப் போயிடும்."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இன்னொன்றும் செய்தேன். அதை மறைத்தால் இதைச் சொல்லிப் பயனில்லை. எமட்டின் போடுகிறவருக்குத் தினமும் நாடி எண்ணி எழுத வேண்டும். அன்று நான் எண்ணவில்லை. நேற்று தொண்ணூறு, காய்ச்சலும் இல்லை, இன்றும் தொண்ணூறுதான் இருக்கும் என்று எழுதிவிட்டேன்.

ஆறாம் நாள் காலை. ஊசிக்குழலைக் கொதிநீரிலிருந்து எடுத்துக் குப்பியின் கழுத்தை அறுத்து மருந்தை ஏற்றித் தட்டில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். அஞ்சலை டம்ளரை வைத்துக்கொண்டு அவருக்குக் காப்பி கொடுக்க முயன்றுகொண்டிருந்தார். காப்பி வாயோரமாக வழிந்து கழுத்தில் ஓடியது.

"தலைய தூக்கிக் குடிங்கய்யா" என்றேன்.

"தூக்க முடியலீங்க."

வலியில் முனகுவது போலச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகை மேல் ஓடுகிற மனிதர் தலையணையிலிருந்து தன் தலையைத் தூக்க முடியவில்லை என்கிறார். தட்டைக் கீழே வைத்தேன்.

"கைய மேல தூக்குங்க."

வலது கை மார்பு வரை வந்தது. அங்கேயே நின்று நடுங்கி, கீழே விழுந்தது. தொடையை லேசாக அமுக்கினேன். துடித்துப்போனார். ஊசி போட்ட இடம் அது இல்லை.

நாடியைப் பிடித்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன். நூற்று முப்பத்தாறு. நடுநடுவே ஒரு துடிப்பு தவறியது. உடம்பு குளிர்ந்திருந்தது, காய்ச்சல் துளியும் இல்லை. பரீட்சையில் எழுதிய பத்து வரியும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஆனால் ஐந்து ஊசிக்குள் இப்படி ஆகுமா? அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கணக்குப்படி பாதிதானே போட்டிருக்கிறோம்?

டாக்டரைக் கேட்கலாம் என்றால் அவர் ஊரில் இல்லை. ஒரு கத்திக்குத்து வழக்கில் சாட்சி சொல்லப் பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு டாக்டர் சாவு வீட்டுக்குப் போய் லீவில் இருந்தார். ஆபீஸில் சொல்லிப் பெரம்பலூருக்கு டிரங்க் கால் போடச் சொன்னேன். கிடைக்க எத்தனை நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது.

கேஸ் ஷீட்டில் டாக்டரின் உத்தரவு தெளிவாக இருக்கிறது: பத்து நாள், தினம் ஒன்று. போடாவிட்டால் உத்தரவை மீறியவள் ஆவேன். சீழ் உடைந்து ஏதாவது ஆனால், ஊசியை நிறுத்தியது யார் என்று கேட்பார்கள். போட்டால்? மருந்து குழலில் ஏற்றி வைத்தபடி இருக்கிறது.  

அஞ்சலையைக் கூப்பிட்டுக்கொண்டு வராந்தாவில் குழாயடிப் பக்கம் போனேன்.

"இந்தாம்மா, எங்கிட்ட மறைக்காத. இவருக்கு முன்னாடி எங்க ஊசி போட்டாங்க?"

"எங்கயும் இல்லீங்க."

"நான் கோவிச்சுக்க மாட்டேன். வெளியே அனுப்பவும் மாட்டேன். சொல்லு."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.  பிறகு சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் வேப்பந்தட்டையில் தன் அண்ணன் வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போனார்களாம். போன இடத்தில் கலியபெருமாளுக்கு வயிற்றோடு ரத்தம் போயிருக்கிறது. பெரம்பலூரில் ஒரு தனி டாக்டரிடம் அண்ணன்தான் கூட்டிப்போனார். பத்து நாள் தினம் ஊசி.

"என்ன ஊசி?"

"பேரு தெரியலீங்க. இதே மாதிரி சின்னக் கண்ணாடிதான். போட்டுட்டு, எந்திரிச்சு நடமாடக் கூடாதுன்னு அங்கயும் சொன்னாங்க."

நடமாடக் கூடாது. அந்த நாளில் அப்படிச் சொல்லிப் போடுகிற ஊசி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

"அவரு நடமாடுனாரா?"

"அங்க ரெண்டு நாளுதாங்க படுத்தாரு. இங்கயும் நீங்க இல்லாதப்ப கக்கூஸுக்கு எந்திரிச்சுப் போனாரு. கட்டில்லயே போக வெக்கப்படுறாருங்க. நேத்து ஒக்காந்தவரால எந்திரிக்க முடியல. நாந்தான் கக்கத்துல கைய குடுத்துத் தூக்குனேன்."

"ஏம்மா, சேக்கும்போதே கேட்டேனே! அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாங்க வந்து நிக்கிறப்ப நீங்க ஒருத்தர வைஞ்சுகிட்டு இருந்தீங்க. 'வெளிய காசக் கொட்டி ஊசி போட்டுகிட்டு, முடியாமப் போனதும் இங்க வந்து நிக்கிறீங்களா, அந்த டாக்டர்கிட்டயே போ'ன்னீங்க. அதக் கேட்டுட்டுத்தான் இவரு, வாயத் தொறக்காதன்னு என் கைய அமுக்குனாரு."

நான் திட்டியது எனக்கு ஞாபகமே இல்லை. யாரைத் திட்டினேன் என்றும் தெரியவில்லை. வாரத்துக்கு நான்கு பேரை அப்படித் திட்டியிருப்பேன்.

உள்ளே போனேன். தட்டில் இருந்த குழலை எடுத்து மருந்தைப் பீச்சித் தொட்டியில் விட்டேன். கேஸ் ஷீட்டில், 'இன்று எமட்டின் போடப்படவில்லை. நாடி 136, காய்ச்சல் இல்லை, கழுத்தும் கைகாலும் பலமில்லை. முன்பே வேறிடத்தில் பத்து ஊசி போட்டதாக மனைவி சொல்கிறார்' என்று எழுதி நேரமும் கையெழுத்தும் போட்டேன். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. தலையணையை எடுத்துவிட்டு அவரை மட்டமாகப் படுக்க வைத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். இறங்கியிருந்தது. இந்த மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது. உள்ளே போனது போனதுதான், தானாக வெளியேற வேண்டும். அதுவரை அந்த இதயம் தாங்க வேண்டும். தாங்குமா என்று எண்ணிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

பதினொரு மணிக்கு மேல் அஞ்சலையின் அண்ணன் வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். அரை மணியில் வாடகைக் கார் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், கூட இரண்டு ஆட்கள்.

"திருச்சிக்குக் கொண்டு போறோம் சிஸ்டர். டாக்டரே இல்லாத ஆஸ்பத்திரில வெச்சிருந்து என்ன பண்றது? தூக்குங்கடா."

ஒருவர் கலியபெருமாளின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துவிட்டார். நான் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஒக்கார வெச்சீங்கன்னா இங்கயே முடிஞ்சிடும். தூக்காதீங்க."

"நீங்க யாரும்மா சொல்றதுக்கு? டாக்டரா?" என்றார் அண்ணன்.

 திருச்சியில் இதயத்தைப் பார்க்கும் கருவி இருந்தது, பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். எங்களிடம் ஒன்றுமில்லை. அந்த அண்ணன் சொல்வதில் தப்பே இல்லை. அதோடு, கலியபெருமாளைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டால் என் கையை விட்டுப் போய்விடும், எது நடந்தாலும் வழியில் நடக்கும் என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அந்த நொடியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. அந்த ரோட்டில் குழி இல்லாத இடம் குறைவு. ஒரு மனிதரை அந்தக் காரில் படுக்க வைக்க முடியாது, உட்கார்த்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

"அண்ணே" என்றேன். "பெரம்பலூர்ல போட்ட ஊசிக்குச் சீட்டு எதுவும் வெச்சிருக்கீங்களா?"

திருச்சி டாக்டரிடம் காட்டலாம் என்று அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. வாங்கிப் பார்த்தேன். எமட்டின். பத்து.

சந்தேகமாக இருந்தவரை ஒரு மூலையில் நம்பிக்கையும் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. அங்கே பத்து, இங்கே என் கையால் ஐந்து. சீட்டை அவரிடம் காட்டி, இந்த மருந்து இதயத்தைத் தளரச் செய்திருக்கிறது என்றும், எழுந்து உட்கார்ந்தால் அது நின்றுவிடும் என்று பயப்படுகிறேன் என்றும் சொன்னேன். 'நின்றுவிடும்' என்று சொல்லவில்லை. 'பயப்படுகிறேன்' என்றுதான் சொன்னேன். அதுதான் உண்மை.

அவர் தங்கையைப் பார்த்தார். அஞ்சலை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேணாண்ணே. நான் மறைச்சதுலதான் இவ்வளவும் ஆச்சு. இந்தம்மா கையில மருந்த வெச்சுகிட்டு, போடாம கீழ ஊத்துனத நான் பாத்தேன். இங்கயே கெடக்கட்டும்."

கலியபெருமாள் கண்ணைத் திறந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரைக் கேட்டுத் தீர்மானிக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவராகவே மெல்லச் சொன்னார்: "நான் எந்திரிக்கலீங்க. இனிமே எந்திரிக்க மாட்டேன்." திட்டு வாங்கிய பிள்ளை சொல்வது மாதிரி இருந்தது. கார் திரும்பிப் போயிற்று.

டாக்டர் மூன்று மணிக்கு வந்தார். டிரங்க் கால் கடைசி வரை கிடைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வார்டுக்கு வந்தவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "யாரக் கேட்டு நிறுத்துனீங்க?" என்றார். சீட்டைக் கொடுத்தேன். படித்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். "சேக்கும்போது கேட்டீங்கள்ல? அவன் இல்லன்னு சொன்னத எழுதி வெச்சிருக்கீங்க. நல்லவேளை. பேஷண்ட் பொய் சொன்னான், அவ்வளவுதான். நம்ம மேல எதுவும் வராது." பிறகு ஷீட்டை மறுபடி புரட்டினார். "ஆனா இது எப்படி? நேத்து தொண்ணூறு, இன்னிக்கு நூத்தி முப்பத்தாறா?"

ஒரே நாளில் ஏறிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். நம்பத்தான் விரும்பினார்.

"நேத்து நான் எண்ணல சார்."

அவர் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அவங்க பொய் சொன்னதும் என்னாலதான் சார்" என்று ஆரம்பித்து, குழாயடியில் அஞ்சலை சொன்னதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். கடைசியில், "நாலாம் நாளோட காய்ச்சல் போச்சுன்னு நானும் தொட்டுப் பாக்கல சிஸ்டர்" என்றார். தொண்ணூறை ஒரு கோட்டால் அடித்து, 'எண்ணப்படவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்த பன்னிரண்டு நாள் கலியபெருமாள் மட்டமாகவே கிடந்தார். சீழுக்கு, எங்கள் ஸ்டோரில் இல்லாத அந்த நல்ல மாத்திரையைத் திருச்சியிலிருந்து பஸ் டிரைவர் ஒருவர் மூலம் டாக்டர் வரவழைத்தார். ஒவ்வொரு நாளும் வார்டுக்குள் நுழையும்போது, அந்தக் கட்டிலில் போர்வை எதுவரை மூடியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். முகம் தெரிந்தால் மூச்சு வரும். இரண்டு தடவை நாடி கைக்குச் சிக்காமல் நழுவியது. அஞ்சலை கோவிலுக்கு நேர்ந்துகொண்டதை என்னிடம் சொன்னார். நானும் நேர்ந்துகொண்டதை அவரிடம் சொல்லவில்லை. பதின்மூன்றாம் நாள் தலையைத் தூக்கிக் காப்பி குடித்தார். நாடி நூறுக்குள் வந்தது. சுவரைப் பிடித்து நடக்க மேலும் மூன்று வாரம் ஆனது. மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினோம். வேப்பந்தட்டைப் பக்கமே மச்சானோடு மாடு வாங்கி விற்கப் போனார். ஒரு வருடம் கழித்து வந்து, வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டிவிட்டுப் போனார்.

மருந்துகள் மாறிவிட்டன. இன்று நீங்கள் கொடுக்கும் கொழுப்பு மாத்திரைக்கும், மூச்சிரைப்புக்கு மாதக்கணக்கில் தின்னும் மாத்திரைக்கும்கூடத் தசை நோவும் தளர்ச்சியும் வரலாம் என்று உங்களுக்குப் படிப்பில் வந்திருக்கும். படித்தது போதாது. "மாடி ஏற முடியல", "சீப்பைத் தூக்க முடியல" என்று ஒருவர் சொல்லும்போது வயசு, படுக்கை, சோம்பல் என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடாதீர்கள். என்ன மருந்து, எங்கே வாங்கினார், எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்கும் முன் அவர் உண்மையைச் சொல்லக்கூடிய மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கலியபெருமாள் வீட்டுக்குப் போன மறுவாரம் நான் ரெக்கார்டு அறைக்குப் போய் ஒரு பழைய கேஸ் ஷீட்டைத் தேடித் தரச் சொன்னேன். அதற்கு முந்தின வருடம் பெண்கள் வார்டில் இருந்தபோது அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். சீதபேதி. அவருக்கும் எமட்டின்தான். எட்டாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "ஆயி, தலைமாட்ட கொஞ்சம் ஒசத்தி வையி. கழுத்து நிக்க மாட்டேங்குது" என்றார். ஒரு போர்வையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஊசியைப் போட்டேன். பத்து மணிவாக்கில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் அப்படியே விழுந்தார். நோய் முற்றி இறந்ததாக எழுதப்பட்டது. வீட்டார் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நோயாகவே இருக்கலாம். ஊசியாகவும் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஷீட்டை விரித்துப் பார்த்தேன். எட்டு ஊசிக்கு எட்டுக் கையெழுத்து. எட்டும் என்னுடையவை. மடித்துக் கட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.